ஆறு சஹனில் ஒரு கியர் பெட்டி

பக்கத்து வீட்டுச் சித்தி ராத்தா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் ஒரு காலை வைத்தவ, மற்றக் காலை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டா.

"என்ன கா இது? ஆருக்குக் கந்தூரி?"

அவ கேட்டதில் பிழையே இல்லை. என் கலியாணத்துக்கு உம்மா வீட்டோடு சேர்த்துத் தந்த ஆறு சஹனும் பாயில் வரிசையாக இருந்தன. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடலாம், அவ்வளவு பெரிய தட்டுகள். சஹனுக்கு நடுவில் வைக்கிற குட்டிக் கோப்பைகளும் பக்கத்தில் இருந்தன. சோறுதான் இல்லை. முதல் சஹனில் பல்லுச் சில்லுகள். இரண்டாவதில் சட்டி மாதிரி இரண்டு இரும்புச் சாமான். மூன்றிலும் நாலிலும் வட்ட வட்டமாகத் தகடுகள். ஐந்தில் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையங்களும். ஆறாவதில் என்ன இருந்தது என்று, அல்லாஹ் காக்க, எனக்கே வடிவாகத் தெரியாது.

"கார்ட கியர் பெட்டி ராத்தா," என்றேன். எனக்கு முழங்கை வரைக்கும் ஒயில்.

"இத மறுகா பூட்டத் தெரியுமா உனக்கு?"

"இன்ஷா அல்லாஹ்."

"இன்ஷா அல்லாஹ் இரிக்கட்டும். தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. அதைச் சொல்லித் தப்ப நேரமும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என்னைக் கட்டின மாப்பிள்ளை ஒரு வளையத்தை நெம்ப, அது தெறித்துப் போய் அலுமாரிக்குக் கீழே ஓடிவிட்டது. நான் தவழ்ந்து போய்க் கையை விட்டுத் துழாவினேன். ராத்தா பின்னால் நின்று என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. "ஓம் ராத்தா... ஓம், ஓம்," என்றேன். வளையம் கையில் பட்டது. ராத்தாவும் சந்தோசமாகப் போய்விட்டா.

அந்த மூன்று ஓமும் என்னை எந்தப் பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கிழமைக் கதை.

பின்னுக்குப் போற டீச்சர்

நாற்பத்தைந்து வயதில் நான் லைசன்ஸ் எடுத்த கூத்தை முன்னொரு கிழமை இதே பத்தியில் எழுதியிருந்தேன். அந்த லைசன்ஸ் ஓட்டோ கியர் காருக்கு மட்டும்தான். காலுக்கு இரண்டே இரண்டு மிதி. முன்னுக்குப் போக 'டி', பின்னுக்குப் போக 'ஆர்'. மற்றதெல்லாம் அது தானாகப் பார்த்துக்கொள்ளும்.

கார் வெள்ளை நிறம், சின்னது. ஜப்பானில் யாரோ ஓடித் தேய்த்து, இங்கே வந்து இரண்டு பேர் ஓடித் தேய்த்து, அதற்குப் பிறகு என் கைக்கு வந்தது.

நான் கணக்கு டீச்சர். வீடு கல்முனையில், பள்ளிக்கூடம் நாவிதன்வெளிப் பக்கம். நடுவில் கிட்டங்கித் தாம்போதி, தண்ணீருக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டின பாதை. கார் வருவதற்கு முதல் இரண்டு பஸ் மாறவேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது கெஞ்சவேண்டும். கார் வந்த பிறகு காலையில் இருபத்தைந்து நிமிசம் எனக்கே எனக்கு. அந்த இருபத்தைந்து நிமிசத்துக்கு நான் டீச்சரும் இல்லை, உம்மாவும் இல்லை, யாருக்கும் மதினியும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை உரத்துப் பாடிக்கொண்டு போவேன். என் குரல் எப்படிப்பட்டது என்று வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்த மாரியில் ஒருநாள் காக்காவும் கூட வந்தார். என் கூடப் பிறந்த ஒரே காக்கா, எனக்கு மூத்தவர், கல்முனையில் உரக்கடை வைத்திருக்கிறார். வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சேட்டுமாக, வட்டையில் வயல் பார்க்கக் கிளம்பியிருந்தார். தாம்போதிக்கு மேலால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதித் தூரத்தில் எஞ்சின் கத்தத் தொடங்கியது. மிதிக்க மிதிக்கக் கத்துகிறது, கார் ஓர் அங்குலம் அசையவில்லை.

"என்ன புள்ள? என்ன?"

"போகுதில்ல காக்கா."

"போகுதில்லையெண்டா?"

'டி'யை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு 'ஆர்' போட்டேன். கார் குதிரை மாதிரிப் பின்னுக்குப் பாய்ந்தது!

மறுகா என்ன, பின்னுக்கே வந்தேன். தாம்போதி முழுக்கப் பின்னுக்கே வந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஓட்டோக்காரனும் பின்னுக்குப் போகவேண்டி வந்தது, அவனுக்குப் பின்னால் வந்த மீன்காரரும் மோட்டார் சைக்கிளைக் காலால் உந்தி உந்திப் பின்னுக்குப் போனார். அந்த மனிசன் விடாமல் மீன் ஹோனை வேறு அடித்துக்கொண்டிருந்தார். காக்கா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டு! படச்சவனே! நிப்பாட்டு!" என்று கத்துகிறார்.

"நிப்பாட்டினா மீனுக்குத்தான் சாப்பாடு காக்கா!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். பயந்திருக்கத்தான் வேணும், பயம் வரவில்லை.

கரைக்கு வந்து கயிறு கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. அஸர் தொழுகைக்கு முதல் எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: பின்னுக்குப் போற டீச்சர்.

நான் குடுத்த வாக்கு

காக்காவுக்குக் கோபமென்றால் அப்படிக் கோபம். "இத வித்துப்போடு. பழைய கார் வாங்கிற ஆள் ஒருத்தர் இரிக்கார், வந்து தூக்கிட்டுப் போவார். உன்ட மையித்த தண்ணிக்குள்ள தேட என்னால ஏலா."

எனக்கும் வீம்பு. "பள்ளிக்கூட லீவு முடியிறதுக்குள்ள இதத் திருத்திக் காட்டுறன். கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. கார் முன்னுக்குப் போகல்லையெண்டா திறப்ப என்ட கையாலயே குடுக்கிறன்."

சொன்னது சொன்னதுதான்.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதில் வாப்பா என்னை மடியில் வைத்து வட்டைக்குள் டிராக்டர் ஓட விடுவார். ஸ்டியரிங்கை நான் பிடிப்பேன், மற்றதை அவர் பார்ப்பார். வரம்பில் ஏறி விழும்போதெல்லாம் நான் சிரிக்கிற சிரிப்பு அடுத்த வயலுக்கும் கேட்குமாம். வாப்பா மௌத்தாகி எங்களைவிட்டுப் போன வருசம் காக்காவுக்குப் பத்தொன்பது வயது. வீடு ஓடவேண்டுமே, டிராக்டரை விற்றார். வேறு வழியே இருக்கவில்லை என்று இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு ஒரு கிழமை அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

சரி, காருக்கு வருவோம்.

காரைதீவில் கராஜ் வைத்திருக்கிற சிவம் அண்ணன் வந்து ஒயிலைத் தொட்டு மணந்து பார்த்தார். ரோஸ் சர்பத் மாதிரிச் சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில், கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது.

"தங்கச்சி, ஒளிக்காமச் சொல்லுறன். ஓட்டோப் பெட்டிய நான் திறக்கமாட்டன். வேற பெட்டி வாங்கிப் போடுங்க."

வேறு பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு நானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிவம் அண்ணனுக்குப் பாவமாகப் போயிருக்கவேண்டும். கராஜுக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்த இதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். "இது செத்து எத்தினையோ வருசம். எடுத்துட்டுப் போங்க. ரெண்டு கிழவனில ஒரு குமரனைச் செய்யேலுமோ பாருங்க."

கிழவன் இரண்டு பேரும் எங்கள் ஹோலுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். தோணி எஞ்சின் தூக்குகிற சங்கிலியை இரவல் வாங்கி, காரிலிருந்த பெட்டியை இறக்கினோம்.

தையல்காரரின் பெருவிரல்

என் மாப்பிள்ளை நஸீர் தையல்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்த ஆள். "ஊடும் உன்ட, சஹனும் உன்ட, காரும் உன்ட. நான் மட்டும்தான் வெளியால இருந்து வந்த சாமான்," என்று சொல்லிச் சொல்லியே இருபது வருசத்தை ஓட்டிவிட்டார். கடையைப் பகலில் இரண்டு மணித்தியாலம் பூட்டிவிட்டு வந்து எனக்குக் கையாளாக நிற்பார்.

எங்களுக்கு உஸ்தாத் ஃபோனில் இருந்த ஒரு வெள்ளைக்காரன். முகத்தைக் காட்டமாட்டான், கை மட்டும்தான் தெரியும். அவன் கதைத்தது எந்தப் பாசை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் ஒரு போல்ட்டைக் கழற்றினால் நாங்களும் கழற்றுவோம், அவன் பெருமூச்சு விட்டால் நாங்கள் பயப்படுவோம்.

கழற்றக் கழற்ற விசயம் விளங்கியது. சட்டிக்குள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒன்று வெறும் இரும்பு, அடுத்ததில் கடதாசி மட்டை மாதிரி ஒரு பூச்சு. ஒயில் தள்ளினால் இவையெல்லாம் நெருங்கி ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும், கார் போகும். பூச்சுத் தேய்ந்தால் பிடி இல்லை. முன்னுக்குப் போகிற சட்டியில்தான் எங்களுக்குத் தேய்மானம். பின்னுக்குப் போகிற சட்டி புதுசு மாதிரி இருந்தது.

"உன்ட கார் பின்னுக்குப் போறதுக்கெண்டே படைக்கப்பட்ட கார் புள்ள," என்றார் மாப்பிள்ளை.

"வாயப் பொத்திட்டு அந்தச் சாக்கத் தாங்க மச்சான்."

கொழும்பிலிருந்து பார்சலில் புது ரப்பர் வளையங்கள் வந்தன. இந்தக் காருக்குத் தகடு எங்கும் இல்லை. அப்படியென்றால் இரண்டு பெட்டியிலும் முன்னுக்குப் போகிற சட்டியில் இருக்கிற பூச்சுத் தகடு எட்டில் நல்லது நாலைத் தெரிந்தெடுக்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து அதிபரிடம் கேட்டு, தடிப்பு அளக்கிற வேணியர் இடுக்கியை எடுத்து வந்திருந்தேன். ஒவ்வொரு தகடாக அளந்து, துண்டுக் கடதாசியில் புள்ளி எழுதி, சஹனில் தகட்டுக்குக் கீழே வைத்தேன். நாலு பேர் பாஸ், நாலு பேர் பெயில். பழக்கதோசம், என்ன செய்ய.

கடைசியாக, பெட்டிக்கு மூளை மாதிரி இருக்கிற வால்வுப் பலகை. அதற்குள் ஏழு இரும்புக் குண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒயில் எந்த வழியால் போகலாம், எந்த வழியால் போகக்கூடாது என்று வாசலில் நின்று காவல் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். ஒன்று குறைந்தாலும் கார் போகாது. ஏழையும் கவனமாக ஒரு குட்டிக் கோப்பையில் போட்டு, உருண்டு ஓடாமல் இருக்க அடியில் கொஞ்சம் வாசலின் களிம்பையும் பூசி வைத்தேன். எவ்வளவு புத்திசாலி பார்த்தீர்களா நான்!

மூன்று ஓம்

ராத்தா வந்து போனதற்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை. நான் கடைத்தெருவுக்குப் போய் ஒயில் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். ஹோலில் பாய் விரித்தபடி இருக்கிறது. சஹன் ஒன்றும் இல்லை. கோப்பையும் இல்லை. நடுவில் எங்கள் உடுப்புத் தோய்க்கிற பேசின். அதற்குள் மலை மாதிரி இரண்டு கியர் பெட்டியும்.

இப்படிச் சஹனை அள்ளிக்கொண்டு போகிற ஆள் ஊரில் ஒருத்திதான்.

சித்தி ராத்தா எங்கள் பகுதிக் கலியாண வீடுகளுக்கெல்லாம் தளபதி. எந்த வீட்டில் எத்தனை சஹன், எத்தனை கோப்பை என்று அவவுக்குப் பாடம். வியாழக்கிழமை பகல் அவவுடைய தங்கச்சி மகளுக்கு வலீமா, கலியாண விருந்து. ஓடிப்போய்க் கேட்டேன்.

"நீதானே கா ஓமெண்டாய்? செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கட்டா எண்டு கேட்டன். ஓம் எண்டாய். உன்ட இரும்பெல்லாம் அதுக்குள்ள இரிக்கே எண்டன். ஓம், ஓம் எண்டாய். நான் பூப்போல எடுத்துப் பேசினுக்குள்ள வச்சிட்டுத்தான் வந்தன்."

இரவல் கேட்டு வந்த சஹனை இல்லை என்று சொன்ன வீடு எங்கள் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. வலீமாவுக்கென்று வாங்கின சஹனைத் திருப்பித் தா என்று கேட்க எந்த முகத்தோடு நிற்பது?

வீட்டுக்கு வந்து பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். துண்டுக் கடதாசியெல்லாம் பறந்துவிட்டது. பாஸும் பெயிலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மாப்பிள்ளை வந்தார். ஒரு பூச்சுத் தகட்டை எடுத்து, கண்ணை மூடி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், கடையில் துணியைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி.

"இது மெல்லிசு. அங்கால போடு. இது பாவிக்கலாம். இது... சீ, பெட்டிக்கோட்டுத் துணி."

"விளையாடாதீங்க மச்சான்." நான் இடுக்கியை எடுத்து அளந்தேன். அவர் சொன்னது சரி. அடுத்ததும் சரி. எட்டுத் தகட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன், ஒன்றை இரண்டு தரம் கொடுத்து ஏமாற்றியும் பார்த்தேன். "இது முதல்ல தந்த ஆளெல்லோ," என்றார் கண்ணைத் திறக்காமலே. இருபது வருசம் ஒரு வீட்டில் இருந்தும் இந்த மனிசனுடைய பெருவிரலுக்கு இப்படி ஒரு புத்தி இருப்பது எனக்குத் தெரியாது. அந்த எண்ணெய்ப் பெருவிரலைப் பிடித்துக் கொஞ்சிவிட்டேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

மற்றச் சாமான்களின் ஒழுங்குக்கு ஃபோனில் படம் இருந்தது. நல்ல தகடு நாலையும் ஒயிலில் ஊறப்போட்டு, மறுநாள் அடுக்கினோம். நல்லது என்றாலும் அவையும் தேய்ந்தவைதானே, அடுக்கில் இடைவெளி கூடிப்போயிருந்தது. செத்த பெட்டியிலிருந்து இரும்புத் தகடு ஒன்றைக் கூடுதலாக வைத்தோம். ஆறு பேர் இருக்கிற சஹனில் ஏழாவது ஆளையும் நெருக்கி இருத்தின மாதிரி, வளையம் போட இடம் மட்டுமட்டாக வந்தது.

சிவம் அண்ணன் ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தார். ஒயில் போகிற ஓட்டைக்குள் காற்றடித்தால் தகடுகள் நெருங்குகிற சத்தம் கேட்கவேண்டும். மாப்பிள்ளை சைக்கிள் பம்ப்பை எடுத்தார். நான் சட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று அடி.

டொக்!

"திருப்பி அடிங்க!"

டொக்!

யா அல்லாஹ், அந்தச் சத்தம்! என் பிள்ளை முதன்முதல் வாய் திறந்து கதைத்தபோதுகூட நான் இப்படித் துள்ளவில்லை. பாயில் ஒயில் காலோடு இரண்டு பேரும் ஆடினோம். டொக், டொக் என்று அவர் அடிக்க அடிக்க நான் சிரித்தேன்.

சிரித்து முடித்துக் குண்டுகளைத் தேடினேன். பேசினுக்கு அடியில் இருந்தன. எண்ணினேன். ஆறு.

அச்சாறு

பேசினைக் கவிழ்த்தோம், பாயை உதறினோம், அலுமாரியை நகர்த்தினோம். செத்த பெட்டியில் எடுப்போமென்றால், அதன் வால்வுப் பலகையை யாரோ முன்னமே கழற்றிக்கொண்டு போயிருந்தான். சைக்கிள் கடையில் குண்டு வாங்கி அளந்தேன். ஒன்று சிறிசு, மற்றது பெரிசு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இந்தக் கல்முனையில் இல்லை.

அப்போதுதான் வாசலின் நினைவுக்கு வந்தது. ராத்தா கோப்பையைக் கவிழ்த்தபோது ஆறு பேர் விழுந்திருக்கிறார்கள். ஏழாவது ஆள் வாசலினோடு கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்!

ராத்தா வீட்டில் கோப்பையெல்லாம் ஊர்க் கோப்பையோடு கலந்து, பச்சைத் தண்ணியில் ஒரு அலசு அலசி, சாக்கில் கட்டிச் சமையற்காரரிடம் போயாகிவிட்டது. வியாழன் காலையில் பெட்டியைத் தூக்கிக் காரில் பூட்டினோம். வால்வுப் பலகையைக் கீழாலும் பூட்டலாம் என்பதால், அதை மட்டும் கடைசிக்கு விட்டோம். பகலைக்கு வலீமாவுக்குப் போனேன். மணமகளைப் பார்க்கவில்லை. நேரே சஹன்களுக்குப் போனேன்.

சஹனுக்கு நடுவில் அந்தக் குட்டிக் கோப்பைகள். கோப்பை நிறைய அச்சாறு, சின்ன வெங்காயமும் கடுகும் மிளகாயும். ஒவ்வொரு சஹனுக்கும் போய், சலாம் சொல்லிக் குனிந்து, கரண்டியால் அச்சாற்றைக் கிண்டினேன். அறிந்த முகம், அறியாத முகம், ஒன்றையும் விடவில்லை. ஐந்தாவது சஹனில் ராத்தா என்னைப் பிடித்துவிட்டா.

"என்ன கா, பசியா உனக்கு?"

"இல்ல ராத்தா. அச்சாறு..."

"அச்சாறுக்கு இப்பிடி அலையிறியே! மசக்கையா புள்ள? இந்த வயசிலயா?"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆண்கள் பக்கம் தேட மாப்பிள்ளையை அனுப்பினேன். அவர் போவதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கோப்பையெல்லாம் கழுவப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது ராத்தா என் கையில் ஒரு பெரிய பையைத் திணித்தா. பை நிறைய அச்சாறு.

பின்னேரம் தகரக் கொட்டிலுக்குள் காருக்குப் பக்கத்தில் இருந்தேன். அதன் வயிறு திறந்தபடி கிடந்தது. ஒரேயொரு குண்டு. இவ்வளவு தூரம் வந்து, மிளகளவு ஒரு சாமானில் தோற்றுப்போனேன். நாளைக்கு அந்த ஆளுக்குக் குடுக்கவென்று காரின் திறப்பைத் துடைத்து லேஞ்சித் துணிக்குள் சுற்றி வைத்தேன். மாப்பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். நான் அழுது முடியும் வரைக்கும் எழும்பவில்லை.

காக்காட பல்லு

காக்கா ஒவ்வொரு நாளும் காலையில் கடைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். வெள்ளிக்கிழமையும் வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"என்ன காக்கா இது?"

அவர் சேட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டணத்தை எடுத்துப் பிரித்து, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழிருந்த பீரிசில் கொட்டினார். டிங் என்றது.

"நேத்து வலீமா அச்சாறுக்குள்ள கிடந்திச்சு. கடைவாய்ப் பல்லு உடஞ்சி போச்சி. இது உன்டயா?"

நான் பீரிசையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். ஏழாவது ஆள், கடுகெண்ணெயில் பளபளத்துக்கொண்டு.

"இதில்லாட்டி காரு போகாதெண்டு நஸீர் வலீமா ஊட்டில ஆக்களுக்கிட்டச் சொல்லித் திரிஞ்சான். அப்பவே என்ட பையில இரிந்திச்சி," என்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை. "சொல்லல்ல. ஊட்ட கொண்டு போயிட்டன். கிணத்துக்குள்ள போட்டா ஆருக்கும் தெரியா. கார் விலைக்குப் போயிரும், நானும் பயமில்லாமப் படுப்பன்."

"மறுகா ஏன் காக்கா போடல்ல?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு கிட்டங்கியில நீ சிரிச்சாய். நான் கத்தினன்தான், ஆனா கேட்டுத்தான் இரிந்தன். வாப்பாட மடியில இரிந்து சிரிச்ச அதே சிரிப்பு. டிராக்டர வித்த நாளில இரிந்து அத நான் கேக்கல்ல புள்ள. ஒருக்கா வித்துட்டன். ரெண்டாந்தரம் விக்க என்னால ஏலா."

நான் அழுதேனா சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. அவருடைய வீங்கின கன்னத்தைப் பிடிக்கப் போனேன், அவர் "அல்லாஹ்வே!" என்று கத்தினார்.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வதற்கு முதல் ஏழு குண்டும் அதனதன் வாசலில் இருந்தன. வால்வுப் பலகையைப் பூட்டினோம், கீழ்த் தட்டைப் பூட்டினோம், சிவப்பு ஒயிலை ஊற்றினோம். தொழுகை முடிந்து காக்கா வந்தார். பழைய கார் வாங்குகிற மனிசனும் கூட வந்தார், சொன்ன சொல்லுக்காக.

எஞ்சினை ஸ்டார்ட் எடுத்தேன். 'ஆர்' போட்டேன். ஒரு சாண் பின்னுக்குப் போனது.

"பின்னுக்குப் போகுமெண்டு ஊருக்கே தெரியும் டீச்சர்," என்றார் அந்த மனிசன். பல்லைக் கடித்துக்கொண்டு 'டி' போட்டேன்.

ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். நான் பிஸ்மி சொன்னேன்.

டொக்.

கார் முன்னுக்கு வந்தது! அந்த மனிசன் ஒரு பக்கம் பாய்ந்தார். வாசல் கடப்படியில் சித்தி ராத்தா, கழுவின ஆறு சஹனையும் தலையில் அடுக்கித் திருப்பித் தர வந்துகொண்டிருந்தா. "அறுவாளே, கொல்லப் பாக்கிறியா!" என்று அவ வேலியோடு ஒதுங்க, சஹன்கள் டமார் டமார் என்று விழுந்தன. நான் பிரேக்கைப் பிடித்தேன்.

"ஏறுங்க காக்கா."

"நானா? நான் ஏன்..."

"ஏறுங்க."

ஏறினார். கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவைத் தாண்டி வயல் பக்கம் கிறுகினேன். கார் முன்னுக்குப் போகிறது, முன்னுக்கே போகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். நான் சிரிக்கத் தொடங்க, உடைந்த பல்லைப் பொத்திக்கொண்டு காக்காவும் சிரித்தார்.

கிட்டங்கித் தாம்போதி தெரிந்தது. தண்ணீர் வற்றியிருந்தாலும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"புள்ள, இதில நிப்பாட்டு. நான் இறங்கி நடந்து வாறன்."

நான் நிப்பாட்டவில்லை.